இந்தக் கூரைக்குள்ளதான் கிடக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற களைப்பில் வீடே கண்ணயர்ந்திருந்த நேரம், தாத்தாவின் கைத் துறப்பணத்தை மேசையில் வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். பல்சக்கரத்தில் பழைய கிறீஸ் காய்ந்து கருப்பட்டிப் பாகுபோல இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்துத் துடைத்து, சுழல் தண்டை மெல்ல வெளியே இழுத்தேன். அதற்குப் பின்னால் மிளகு பருமனில் உருக்குக் குண்டுகள் வளையமாக உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடியில் ஒரு தட்டு வைக்கவில்லை. ஒன்று நழுவிவிட்டது. டிக். பிறகு டிக், டிக், டிக்டிக்டிக் என்று டைல்ஸ் தரையில் துள்ளிக்கொண்டே ஓடி, எங்கேயோ ஒரு மூலையில் போய் அடங்கியது.

இப்படி ஒரு சத்தத்தை நான் சின்ன வயதில் கேட்டதே இல்லை. தாத்தாவின் பட்டறையில் மண் தரை. அதில் எது விழுந்தாலும் சத்தமில்லாமல்தான் விழும்.

அந்தப் பட்டறைக்குப் போகும் வழி உங்களுக்கும் மறந்திருக்காது. பதுளை டவுனில் ஸ்பிரிங்வெளி பஸ் ஏறுவோமே. வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு அது மூச்சு வாங்கி ஏறும்போது நமுனுகுலை மலை ஒரு தரம் வலப்பக்கம் தெரியும், அடுத்த தரம் இடப்பக்கம் தெரியும். 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலை, பஸ்ஸுக்குள் இருக்கிற சின்னப் பிள்ளையோடு கண்ணாமூச்சி ஆடும். பாலத்தடியில் இறங்கி, முள்முருங்கை வேலியோரம் நடந்து, பீலியடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, பெரட்டுக் களத்தைத் தாண்டினால் இஸ்டோரு. தேயிலைத் தொழிற்சாலையை நாம் அப்படித்தானே சொல்வோம். அதன் முதுகுப்பக்கம், விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. முன்பக்கம் கதவு கிடையாது, ஒரு படங்குச் சாக்குத்தான் தொங்கும். அதைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனால் முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

உலைக்கரி, காய்ந்த எண்ணெய், சாணைக்கல்லில் தேய்ந்த இரும்பின் கருகல், சவுக்கு மரத் தூள், தாத்தாவின் சுருட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, ஜூலை தொடங்கி செப்டம்பர் வரைக்கும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தேயிலை வாசம். கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும் மாதங்கள் அவை. கொழுந்து குறையும், ஆனால் அந்தக் கொழுந்துக்கு ஒரு தனி மணம் ஏறும். மூக்கில் தைலம் தடவியதுபோலச் சில்லென்று இருக்கும். உலகம் முழுக்க ஊவாத் தேயிலை என்று தேடி வாங்குவது அந்த மாதங்களின் தேயிலையைத்தான். அதைப் பறித்தவர்கள் குடித்தது சல்லடைக்கு அடியில் விழுந்த டஸ்ட்டை. வாசம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

தாத்தா அந்தச் சாய்ப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வைஸ் பூட்டிய பலகை. பக்கத்தில் அடைகல். மலையிலிருந்து இறங்குகிற சாமான் எல்லாம் அவரிடம்தான் வரும். கவ்வாத்துக் கத்திக்குப் பூண் போடுவது, முள்ளுக்கும் மம்பட்டிக்கும் பிடி இறக்குவது, அலவாங்கு முனையைக் காய்ச்சி அடிப்பது, சொரண்டிக்கு வாய் எடுப்பது. இவையெல்லாம் பெரிய சாமான்கள். தொலையவே தொலையாது. காலில் விழுந்தால் கால்தான் போகும்.

தொலைகிற சாமான்கள் வேறு. கணக்கப்பிள்ளையின் ரெலி சைக்கிள் வரும். முன் அச்சில் பக்கத்துக்குப் பத்துக் குண்டு, பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்பது. அது எண்ணிக் கோர்க்கிற வேலை. பிரீவீலைத் திறந்தால்தான் ஆபத்து. உள்ளே கடுகுக்கு அண்ணன் போலக் குண்டுகள் கொட்டிக் கிடக்கும், இரண்டு சின்ன நாக்கு இருக்கும், நாக்கைத் தூக்கிப் பிடிக்கத் தலைமுடி பருமனில் ஸ்பிரிங் இருக்கும். பதுளைப் பக்கத்து ரோட்டில் ஏறும்போது சைக்கிளை உருட்டத்தான் வேண்டும். இறங்கும்போதுதான் அது வாகனம். பிரீவீல் ‘கிர்ர்ர்’ என்று பாட, கணக்கப்பிள்ளை ஐயா கோட்டு பறக்க இறங்கி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டு முழுக்க அந்த இரண்டு சின்ன நாக்குகளின் பாட்டு. ஒன்று தொலைந்தால் மற்றதன் மேலேயே முழுப் பாரமும் விழும். அதுவும் வழுக்கினால் பெடல் சும்மா சுற்றும், ஐயா நடந்துதான் போக வேண்டும்.

பிறகு மருந்தடிக்கிற டேங்க். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. பனி மூடின மாதங்களில் கொழுந்து முழுக்கக் கொப்புளம் கட்டி வெளுக்கும். அதற்குச் செப்பு மருந்து அடிக்கத் தொடங்கின பிறகுதான் முதுகில் மாட்டுகிற டேங்குகள் தோட்டத்துக்குள் வந்தன என்று தாத்தா சொல்வார். அவற்றோடு வால்வுக் குண்டு, தோல் வாசர், நுனியில் வைக்கிற காசு பருமன் தட்டு, எல்லாம் வந்தன. “நோயி மரத்துக்கு வந்துச்சு, வேலை எனக்கு வந்துச்சு” என்பார். பழைய சப்பாத்து நாக்கை வட்டமாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு அவர் செய்யும் தோல் வாசர், வாங்குகிற வாசரைவிட அதிக நாள் உழைக்கும். அந்த டேங்குகளைக் கழற்றும்போது கை பச்சையாகிவிடும். ரொட்டியைப் பிய்த்தால் ரொட்டியிலும் பச்சை வாசம் அடிக்கும்.

ஒரு சாமான் விழுந்தது என்று தெரிந்ததும் பட்டறையில் முதலில் நடப்பது ஒன்றும் நடக்காமல் இருப்பது. தாத்தா கையைத் தூக்குவார். “யாரும் அசையாதீங்க.” அவ்வளவுதான். துருத்தி நிற்கும். பெரிய மாமா சம்மட்டியைத் தூக்கினது தூக்கினபடி நிற்பார். எனக்கு மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. “இந்தக் கூரைக்குள்ளதான் கிடக்கு. எங்கயும் போவல. நாமதான் மிதிச்சு மறைச்சுப்புடுவோம்” என்பார் தாத்தா. பிறகு சாரத்து மடிப்பை மெல்ல உதறுவார். பாதிச் சாமான் அதிலேயே இருக்கும்.

அதிலும் இல்லை என்றால் குப்பி லாம்பு வரும். பட்டப்பகலாக இருந்தாலும் படங்கை இழுத்துவிட்டு இருட்டாக்கி, லாம்பை மேசையில் வைக்காமல் தரையிலேயே வைப்பார்கள். அப்போது பாருங்கள், தரையில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் நிழல் முளைக்கும். அரத்தூள் ஒரு புல்போல நிற்கும். மிளகு பருமன் குண்டுக்குப் பூசணிக்காய் பருமனில் நிழல் விழும். லாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த நகர்த்த நிழல்கள் எல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பித் திரும்பி நடக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒருநாள் வேண்டுமென்றே ஒரு நட்டைக் கீழே தட்டிவிட்டேன். சின்ன மாமா பார்த்துவிட்டார். காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டினார்.

சின்ன மாமாவுக்கு அப்படி ஒரு கண். லாம்பு நகருவதற்குள் குனிந்து எடுத்துவிடுவார். “எப்புடி மாமா?” என்று கேட்டால், “நான் அதத் தேடலடா. தரையில என்னா புதுசா இருக்குன்னு பாக்குறேன்” என்பார். அவருடைய மேல்பையில் எப்போதும் ஏதாவது கிலுகிலுக்கும். அம்மாயி உடுப்பு துவைக்கும்போது பீலிக் கல்லில் குண்டும் வாசரும் விழும். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பட்டறையில் கொட்டுவாள்.

இனி, லாம்புக்கும் அகப்படாத சாமான்களுக்கு ஒரு வித்தை உண்டு. இதுதான் தாத்தாவின் கடைசி வித்தை. தொலைந்ததைப் போலவே இன்னொன்றை எடுத்து, அது நழுவின அதே இடத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து, சும்மா விடுவார். எல்லோரும் அதன் பின்னாலேயே கண்ணை ஓட்ட வேண்டும். பட்டறைத் தரை இறுகின மண், வாசல் பக்கம் லேசாகச் சரிவு. விட்ட குண்டு அடைகல் காலில் தட்டி, கொஞ்சம் யோசித்து, வாசல் பக்கம் உருண்டு, படங்குச் சாக்கின் அடியில் போய் நிற்கும். பக்கத்திலேயே முதல் குண்டும் கிடக்கும். “பாத்தியா, ஒண்ணு போன வழி இன்னொண்ணுக்குத் தெரியும்” என்பார். சில நாள் இரண்டும் போய்விடும். அன்றைக்கு அவர் யாரோடும் பேசமாட்டார். சுருட்டை அணைப்பதும் பற்றவைப்பதுமாக இருப்பார்.

சனிக்கிழமை பின்னேரம் பட்டறையைக் கூட்டுவோம். கூட்டின தூசியைக் கொட்டக்கூடாது. இஸ்டோரில் கழித்துப்போட்ட சல்லடை வலைகள் தாத்தாவிடம் இருந்தன. அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதுதான் வலையின் நம்பர். பெரிய கண் வலை, நடுக்கண் வலை, சின்னக் கண் வலை என்று மேலிருந்து கீழாக வைத்துச் சலிப்போம். மேல் வலையில் நட்டும் ஆணியும் நிற்கும். “இது பீ.ஓ.பீ.” என்பார் தாத்தா, டீமேக்கர் ஐயாவின் குரலில். நடுவலையில் குண்டும் வாசரும். “இது பீ.ஓ.பீ.எஃப்.” கடைசியில் விழுகிற அரத்தூளை உள்ளங்கையில் எடுத்து மோந்துபார்த்து, “டஸ்ட்டு. இத நமக்குக் குடுப்பானுங்க” என்பார். நாங்கள் சிரித்துச் சிரித்துத் தும்முவோம். தட்டார் பட்டறைத் தூசிக்குப் பொன் விலை. எங்கள் தூசியை யார் கேட்டார்கள்? ஆனாலும் தாத்தா அதைச் சலிக்காமல் வெளியே கொட்டியதில்லை.

பட்டறையில் தொலைந்த செய்தி நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தால் அம்மாயி தன் வழியில் தேடத் தொடங்குவாள். அவளுடைய அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். அங்கே திருக்கோகர்ணத்து பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்று ஒரு பெயர் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்துச் சின்னக் காசில் அவளுடைய உருவம் இருந்தது. தொலைந்த சாமான் கிடைக்க அவளுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார்கள். நமுனுகுலை அடிவாரத்தில் வெல்லத்துக்கு எங்கே போவது? அம்மாயி கித்துல் கருப்பட்டியில் ஒரு துண்டை வாழைச் சருகில் சுற்றி விளக்கு மாடத்தில் வைப்பாள். “ஆத்தா, ஒன் புள்ளைக்கு அந்தக் குண்டக் கண்ணுல காட்டு.” கிடைத்ததும் கருப்பட்டியை உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். ஆகவே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பட்டறையில் ஏதாவது தொலையட்டும், தொலைந்து சீக்கிரம் கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே இருப்போம்.

இப்போது கேட்பவர்களுக்கு ஒரு குண்டுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். 1970க்குப் பிறகு வந்த அந்த ஏழு வருடங்களில் இருந்தவர்களுக்குத் தோன்றாது. வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டில் கட்டுப்பாடு. பாணுக்கு விடிய முன்னமே வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் பொலிஸ் பிடிக்கும். சேலைத் தலைப்பில் அரைக்கொத்து அரிசியை ஒளித்துக்கொண்டு அம்மா பஸ்ஸில் உட்கார்ந்திருந்த உட்கார்வு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த நாளில் ஒரு பெற்றோமாக்ஸ் பின் உடைந்தால் உடைந்ததுதான். பதுளை பஸாரில் ஒரு ஹாட்வெயார் கடை இருந்தது. மரப்பெட்டி அறைகள் கூரை வரைக்கும் இருக்கும். முதலாளி ஏணியில் ஏறாமலே எந்த அறையில் என்ன என்று சொல்வார். அந்த வருடங்களில் அவர் சொன்னதெல்லாம், “இல்ல அண்ணே.” தாத்தா சும்மா திரும்பமாட்டார். காலி அறைகளின் அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிப் பார்க்கச் சொல்வார். அவரும் முகம் கோணாமல் கவிழ்த்துத் தட்டுவார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு புடைவைக் கடை வந்தது.

பின் என்றதும் காமன் கூத்து ராத்திரி ஞாபகம் வருகிறது. மாசி மாதம், எலும்பைக் குடைகிற பனி. லயத்து முற்றத்தில் ரதியும் மன்மதனும் பொட்டு வைத்துத் தயாராகிவிட்டார்கள். தப்புகளைத் தீயில் காட்டிச் சூடேற்றுகிறார்கள், டண் டண் என்று தோல் இறுகுகிற சத்தம் கேட்கிறது. அந்த நேரம் பார்த்துப் பெற்றோமாக்ஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டு அணைகிறது. கழற்றிப் பார்த்தால் அடைப்பு எடுக்கிற பின் இல்லை. புல்லுக்குள் விழுந்துவிட்டது. இருட்டில் நூறு பேர் நிற்கிற இடத்தில் யாரை அசையாதே என்பது? சின்ன மாமா ஓடிப்போய்ச் சைக்கிள் பிரேக் வயரில் ஒரு இழையைப் பிரித்துக்கொண்டு வந்தார். பல்லால் கடித்து நீளம் பார்த்து, லாம்புச் சூட்டில் காட்டி, கல்லில் இரண்டு தேய் தேய்த்துச் செருகினார். தாத்தா பம்ப் அடிக்க, மென்டில் முதலில் நீலமாகி, பிறகு மஞ்சளாகி, பிறகு பால்போல வெளுத்தது. சனம் கூவியது. அன்றைக்கு மன்மதனுக்கு விழுந்த மாலையில் ஒன்றைக் கழற்றிச் சின்ன மாமா கழுத்தில் போட்டார்கள். விடிய விடிய அந்தப் பிரேக் வயர் வெளிச்சத்தில்தான் மன்மதன் எரிந்தான்.

சின்ன மாமாவோடு கோச்சியில் போவது ஒரு தனிப் பாடம். பதுளை ஸ்டேசனோடு தண்டவாளம் முடிகிறது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் மலை ஏறி இறங்கி வந்து, 1924இல் இங்கேதான் மூச்சுவிட்டு நின்றது. தெமோதரையில் கோச்சி ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேசனுக்கு அடியிலேயே குகை வழியாகப் புகுந்து போகுமே. ஒரு கங்காணி தலைப்பாவை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். மாமா சொன்னது வேறு. “தலைப்பாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது போல்ட்டு மரைடா. மலைதான் போல்ட்டு, கோச்சிதான் நட்டு. நேரா இறங்க முடியாதத சுத்தி இறங்குது.” அதற்குப் பிறகு அந்த இடத்தில் கோச்சி சுற்றும்போதெல்லாம், யாரோ ஒரு பெரிய ஸ்பனரால் எங்களை மெல்ல முடுக்குவதுபோல எனக்கு இருக்கும்.

முடுக்கவில்லை, கழற்றினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பட்டறைச் சுவரில் டின்கள் வரிசையாக இருக்கும். பால்மா டின், பிஸ்கட் டின். போல்ட்டுக்கு ஒன்று, நட்டுக்கு ஒன்று, வாசருக்கு ஒன்று, குண்டுக்கு மூடியோடு ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு நெளிந்த டின். எதற்கும் சேராத, எதிலிருந்து கழன்றது என்று தெரியாத சாமான்கள் அதற்குள் போகும். ஒருநாள் மத்தியானம் சங்கத்துத் தலைவர் பட்டறை வாசலில் உட்கார்ந்து ஒப்பந்தக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட கணக்கு. குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளிச் சனம் மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவார்கள். தாத்தா அரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த நெளிந்த டின்னைக் காலால் தள்ளிக் காட்டினார். “அப்ப அந்த மிச்சம் இதுக்குள்ள.” 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுக்குள்ளும் கணக்கு அப்படித்தான் பிரிந்தது. யார் எந்த விண்ணப்பத்தில் எப்போது கைநாட்டு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து, தாத்தாவும் அம்மாயியும் எங்கள் அம்மாவும் இந்தப் பக்கம், சின்ன மாமா அந்தப் பக்கம். அவர் போன ராத்திரி பதுளை ஸ்டேசனில் தோட்டமே நின்றது. அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் ஏன் வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அங்கே எங்கேயோ நின்றிருப்பீர்கள். பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பல் ஏற வேண்டும். மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினார். திறந்து பார்த்தேன். பிரீவீல் நாக்கு ஒன்று. அதற்கு முந்தின மாதம் பட்டறை முழுக்கத் தேடினது. அவர் மேல்பைக்குள் இருந்திருக்கிறது. கோச்சி நகர்ந்துவிட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு கோத்தகிரியிலிருந்து ஒன்று: தேயிலைத் தோட்டம்தான், குளிர் நம்ம ஊர்க் குளிர்தான், பட்டறை மட்டும் இல்லை. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு வருடம் பார்த்தார்கள். பெரிய மாமாவுக்கும் இந்தியப் பாஸ்போட்டுத்தான், அவர் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர். “நான் போயி பாத்துட்டு எழுதுறேன்பா” என்றார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சுருட்டை அணைத்தார், பற்றவைத்தார். பெரிய மாமாவும் அதே கோச்சியில், அதே வழியில் போனார். மண்டபத்திலிருந்து அவருக்கும் ஒரு கடிதம் வந்தது.

அம்மாயி மாடத்தில் கருப்பட்டி வைத்தாள். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கோச்சி புதுக்கோட்டை வழியாகத்தான் போகும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். “அவ வாசலத் தாண்டித்தானே ரெண்டு பேரும் போயிருக்கானுங்க” என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, “அவ ஊர்லயே போயித் தொலைஞ்சத அவகிட்டயே எப்புடிடா கேக்குறது?” என்று என்னைக் கேட்பாள். சருகு காய்ந்து, எறும்பு வந்து, மழைக்காலத்தில் கருப்பட்டி இளகி மாடத்துச் சுவரில் ஒரு கறையாக இறங்கியது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் யாரும் அதைக் கேட்கவில்லை.

தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. இடையில் 1977க்குப் பிறகு பதுளைக் கடைகளில் எல்லாச் சாமானும் வந்து குவிந்தது. குண்டு பெட்டியாக வாங்கலாம், பின் டசனாக வாங்கலாம். தாத்தா ஒரு பெட்டி குண்டை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். சனிக்கிழமை தூசியை மட்டும் தனியாகச் சலித்துக்கொண்டிருந்தார். சல்லடை ஆட்டுவதற்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். நான் அப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று இஸ்டோருக்குப் பின்னால் நடந்தேன். கூரைத் தகரம் போய்விட்டது. சவுக்கு விதை விழுந்து இரண்டு கன்று நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. அடைகல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். சட்டைப்பையில் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் இருந்தது. ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். வாசல் சரிவு முடிகிற இடத்தில், முன்பு படங்கு தொங்கின இடத்தில், குச்சியால் கிளறிக் காந்தத்தை வைத்தேன். ஒரு முஷ்டி அளவு துருக்கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. குண்டும் வாசரும் ஆணியும் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தின்று ஒரே கட்டியாகிவிட்டன. எது எதிலிருந்து விழுந்தது என்று பிரிக்க முடியாது. தாத்தா சொன்னதுபோல எதுவும் எங்கேயும் போகவில்லை. கூரைதான் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற பையன், “என்னா அங்கிள் தேடுறீங்க?” என்று கேட்டான். “ஒண்ணுமில்ல தம்பி, தரையில என்னா புதுசா இருக்குன்னு பாக்குறேன்” என்று என் வாயில் வந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சத்தம் அடங்கினதும் நான் அசையவில்லை. சாரத்து மடிப்பை உதறினேன், இல்லை. டோச்சைத் தரையோடு தரையாக வைத்து ஓட்டினேன். டைல்ஸ் பளபளப்பில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனதே தவிர, நிழல் எழவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு பொத்தானும் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றும் கிடந்தன. மனைவி எழுந்து வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, “அது இல்லாட்டி ஓடாதா?” என்று கேட்டாள். ஓடும். ஒன்று குறைந்தால் துறப்பணம் கொஞ்சம் ஆடும், சத்தம் போடும், ஆனால் ஓடும்.

மற்றக் குண்டுகள் உள்ளங்கையில் இருந்தன. அதில் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, மேசை விளிம்பில், அது நழுவின அதே இடத்தில், அதே உயரத்தில் பிடித்தேன். விட்டால் வழி தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தட்டை எடுத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் வைத்து, எண்ணி, மூடினேன்.